உள்ளாள்

வள்ளித்தாய்க்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது என்பது முதலில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று வள்ளித்தாய். மற்றது அவளுடைய இரைப்பைக்குள் ஏழு மாதமாகக் குடியிருந்த ஒரு குளிகை. தாலி கட்டியவனுக்குத் தெரியாது. ஒரே கூரையின் கீழ் படுத்து எழும் மாமியாருக்கும் தெரியாது. மூன்றாவதாகத் தெரிந்துகொண்டவள் ஆலையின் மருத்துவ அறையில் நர்ஸாக இருந்த ஜெபக்கனி. தெரியாமலே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவள் பிற்பாடு பல தடவை நினைத்ததுண்டு. அப்படி நினைப்பதும் ஒரு தப்பித்தல்தான்.

ஆலை தூத்துக்குடிக்கு மேற்கே, உப்பளம் முடிந்து உடைமரக் காடு தொடங்கும் இடத்தில் இருந்தது. மின்வண்டிகளுக்கு பேட்டரி செய்கிறார்கள். அறுநூறு பெண்கள். பாகங்களைச் சுமந்து ஓடுகிற பட்டைக்கு முன்னால் பத்து மணி நேரம் நிற்க வேண்டும். பட்டை யாருக்காகவும் நிற்காது. இடுப்பும் முழங்காலும் விட்டுப்போகாமல் இருக்க, பத்தடிக்கு ஒரு வலி மாத்திரைப் பெட்டி சுவரில் தொங்கியது. பெருவிரலை வைத்தால் ஒரு மாத்திரை விழும். காலையில் சாப்பிடாமல் ஓடிவந்து வெறும் வயிற்றில் இரண்டு, மதியம் இரண்டு, கிளம்பும்போது பஸ்ஸில் நிற்பதற்கென்று ஒன்று. வயிறு எத்தனை நாள் பொறுக்கும்? நான்கு வருஷத்துக்கு முன் ஒரே கோடையில் மூன்று பெண்கள் பட்டையின் மேலேயே ரத்தமாக வாந்தி எடுத்தார்கள். ஒருத்தி பிழைக்கவில்லை. பட்டையின் வேகத்தைக் குறைக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதற்குப் பதிலாகக் குளிகை வந்தது.

விழுங்கினால் இரைப்பைக்குள் போய் நெருஞ்சி முள்ளைப் போல விரிந்து, ஒரு வருஷம் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். வலி மாத்திரையின் வாடை பட்டதும் தன்னிடமுள்ள மருந்தில் ஒரு துளி விடும். மருந்து புதிதல்ல. டாக்டர்கள் பல காலமாக எழுதிக்கொடுத்து வந்த மிசோப்ராஸ்டால்தான். இரைப்பையின் சுவருக்கு வழவழப்பாக ஒரு காப்பு கொடுக்கும், அமிலத்தையும் குறைக்கும், புண் வராது. குளிகை வந்த பிறகு அந்த ஆலையில் ஒரு பெண்கூட ரத்த வாந்தி எடுக்கவில்லை. இதில் பொய்யொன்றும் இல்லை; ஜெபக்கனியே கண்ணால் கண்டது. பெண்கள் அதற்கு உள்ளாள் என்று பெயர் வைத்தார்கள். "உள்ளாள் பாத்துக்கிடுவான்" என்று சொல்லி இன்னொரு மாத்திரையும் போட்டுக்கொண்டார்கள்.

அந்த மருந்துக்கு வேறொரு குணமும் உண்டு. கருப்பையைச் சுருங்க வைக்கும். பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்க ஆஸ்பத்திரிகளில் அதையும் கொடுக்கிறார்கள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது உள்ளே போனால் பிள்ளை தங்காமல் போகலாம். இதையும் யாரும் மறைக்கவில்லை, வாசல் திரையில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். மாதத்துக்கு ஒரு தடவை நுழைவாயில் திரை ஒவ்வொருத்தியிடமும் கேட்டது: "நீங்கள் கருவுற்றிருக்கிறீர்களா, அல்லது அதற்கு வாய்ப்பு உண்டா?" ஆம் என்ற கட்டத்தில் பெருவிரல் வைத்தால் குளிகை அன்றைக்கே வாயை மூடிக்கொள்ளும். பெட்டியும் அவளுக்கு மாத்திரை தராது. மாத்திரை இல்லாமல் பட்டைக்கு முன் நிற்க முடியாது என்பதால் அடுத்த மாதப் பட்டியலில் அவள் பெயர் இருக்காது. பிள்ளை பெற்ற பிறகு வரலாம்.

எல்லோரும் இல்லை என்ற கட்டத்திலேயே விரல் வைத்தார்கள். பின்னால் வரிசை நெருக்குகிறது, பக்கத்தில் செக்யூரிட்டி நின்று எட்டிப் பார்க்கிறான். மூன்று மாதம் முடியாமல் வெளியே மூச்சு விடக்கூடாது, கண் பட்டுவிடும் என்று கேட்டு வளர்ந்த பெண்ணிடம் ஐம்பதாவது நாளில் ஒரு திரை கேட்டால் என்ன சொல்வாள்? இந்தப் பக்கத்தில் பிறந்த யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். கேள்வியை எழுதியவர்கள் கேட்காமல் விட்டார்களா, கேட்டுவிட்டுத்தான் எழுதினார்களா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, குளிகைக் கம்பெனியின் இன்ஜினியர் கிரிதரன் ஜெபக்கனியின் டேப்லெட்டுக்குப் புது மென்பொருள் ஏற்ற வந்தார். கோயம்புத்தூர்க்காரர். சாப்பிட்டீங்களா என்று கேட்காமல் பேச்சைத் தொடங்க மாட்டார். அவர் ஏற்றி முடித்ததும் பெயர்ப் பட்டியலில் பதினோரு பெயர்களுக்குப் பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் புள்ளி விழுந்திருந்தது.

"சார், இது என்ன புள்ளி? நேத்து வரைக்கும் இல்லியே."

கிரிதரன் எட்டிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "அட, இது உங்ககிட்ட வந்திருக்கக் கூடாதுங்க சிஸ்டர். எங்களுக்கு மட்டும் தெரியற விஷயம். சாயங்காலத்துக்குள்ள எடுத்துடறேன்."

"என்னதுன்னு கேட்டேன்."

"குளிகை உடம்புச் சூட்டை அளக்குதுங்க. கரு தங்கினா சூடு கொஞ்சம் ஏறி, இறங்காம அப்படியே நிக்கும். ரெண்டு மூணு வாரம் நின்னா புள்ளி விழும். பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும்."

"அப்ப உள்ளாளுக்கே தெரியுது. அதுவா மருந்த நிறுத்திக்கிட வேண்டியதுதான?"

"முதல்ல அப்படித்தான் செஞ்சோம். எங்க வக்கீலுங்க ஒத்துக்கலைங்க. ஒரு பொண்ணு தன் வாயால சொல்லாததை மிஷின் முடிவு பண்ணக் கூடாதாம். அது அவங்க அந்தரங்கத்துல தலையிடறது. அவங்க இல்லைன்னு சொன்னா, நாங்க அதை மதிக்கணும்."

"மதிச்சு?"

"மதிச்சு விட்டுடறோம்."

"அவ ஆமான்னு சொன்னா?"

"பெருவிரல் போதுங்க. வாசல்ல வச்சாலும் சரி, உங்க டேப்லெட்ல வச்சாலும் சரி, அப்பவே நின்னுடும்." அவர் பையை மாட்டிக்கொண்டு, "அந்தப் புள்ளியைப் பாக்காத மாதிரி இருந்துக்கங்க சிஸ்டர். பாத்தது தெரிஞ்சா உங்களுக்குத்தான் சிக்கல்" என்று நல்ல மனதோடு சொல்லிவிட்டுப் போனார்.

பட்டியலில் மூன்றாவது பெயர் வள்ளித்தாய்.

மற்ற பத்துப் பேரை ஜெபக்கனிக்கு முகம்தான் தெரியும். வள்ளித்தாயை அப்படிச் சொல்ல முடியாது. கல்யாணமாகி ஒன்பது வருஷம். இரண்டு வருஷத்துக்கு முன் முதல் தடவை நின்றபோது சந்தோஷம் தாங்காமல் நாற்பத்தைந்தாவது நாளே வீடெல்லாம் சொல்லிவிட்டாள். பத்து நாளில் போய்விட்டது. அவள் வாய்தான் பிள்ளையைத் தின்றது என்றாள் மாமியார். இரண்டாம் தடவை புருஷன் இசக்கித்துரையிடம் மட்டும் சொன்னாள். அதுவும் போயிற்று. இரண்டு தடவையும் அவள் வந்து சுருண்டு படுத்தது இந்த அறையின் கட்டிலில்தான். டிரிப் ஏற்றிவிட்டு, "இதெல்லாம் நடக்கதுதாம்ட்டி, மனசப் போட்டு உழப்பாத" என்று தலையைத் தடவி அனுப்பியது ஜெபக்கனிதான். குளிகை வந்த பெட்டியின் மேல் எச்சரிக்கை எழுதியிருந்ததை அவள் படித்தவள். படித்தும் அதையும் இவள் கரு போனதையும் சேர்த்துப் பார்க்காமல் விட்டவள். வாசலில் கேட்கிறார்களே, இருந்தால் சொல்லியிருப்பாளே என்று இருந்துவிட்டாள்.

மதியம் பிரஷர் பார்க்க வேண்டும் என்று சொல்லி வள்ளித்தாயை வரவழைத்தாள்.

வள்ளித்தாய் தலைக்குல்லாயைக் கழற்றிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். முப்பத்தொரு வயது. முகத்தில் ஒரு மினுமினுப்பு, கண்ணைச் சுற்றி ஒரு சோர்வு. பார்க்கத் தெரிந்தவர்களுக்கு எந்தப் புள்ளியும் தேவையில்லை.

"சாப்பாடு பிடிக்குதாட்டி?"

"பிடிக்கு சிஸ்டரக்கா."

"இந்த மாசம் தலைக்குக் குளிச்சியா?"

"குளிச்சேனே." கேள்வி முடியும் முன்பே பதில் வந்தது. சொல்லும்போது இடது கை தானாக அடிவயிற்றின் மேல் போய் உட்கார்ந்ததை அவள் கவனிக்கவில்லை.

"எதுவும்னா எங்கிட்ட சொல்லலாம், என்ன?"

"எதுவும் இல்லக்கா. இருந்தா உங்ககிட்டச் சொல்லாம யாருகிட்டச் சொல்லப் போறேன்?"

எனக்குத் தெரியும் என்று ஜெபக்கனி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புருஷனுக்குக்கூடத் தெரியாமல் பொத்தி வைத்திருப்பவளிடம், உன் வயிற்றைப் பற்றி எனக்குத் தெரியும், கம்பெனிக்கும் தெரியும் என்று சொன்னால் அவள் அப்போதே பாதி செத்துப்போவாள். ஜெபக்கனி ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். கண்ணேறிலெல்லாம் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் தன் மகன் வயிற்றில் இருந்தபோது அவளும் மூன்று மாதம் வாயைத் திறக்கவில்லை. நம்பிக்கை இல்லாதவளுக்கும் நாக்கு எழாத விஷயம் அது. அடுத்த பட்டியல் வரும் மாதக் கடைசிக்கு இன்னும் பத்தொன்பது நாள். அதற்குள் வள்ளித்தாய்க்கு மூன்று மாதம் முடிந்துவிடும், அவளே வாயைத் திறப்பாள், அப்போது பேசிக்கொள்ளலாம்.

"பெருவிரல வை. பிரஷர் பதியணும்."

வள்ளித்தாய் பெருவிரலைச் சட்டையில் துடைத்து வைத்தாள். விழவில்லை. பேட்டரிக் கரைசல் பட்டுப்பட்டு அங்கே எல்லோருக்கும் ரேகை தேய்ந்துதான் இருக்கும். எச்சில் தொட்டு மறுபடி அழுத்தினாள். விழுந்தது. திரையில் என்ன கட்டம் இருந்தது என்று அவள் பார்க்கவில்லை. அந்த ஆலையில் யாரும் பார்ப்பதில்லை. விரல் கேட்டால் கொடுப்பார்கள்.

ஜெபக்கனி போட்ட கணக்கு இதுதான். குளிகை நின்றுவிட்டது, பிள்ளைக்கு ஆபத்தில்லை. பெட்டியும் இனி மாத்திரை தராது, வயிற்றுக்கும் ஆபத்தில்லை. இடுப்பு வலிக்கும், பத்தொன்பது நாள்தானே, பல்லைக் கடித்துக்கொள்வாள். அன்று சாயங்காலம் அவளுக்கு மனசு லேசாக இருந்தது. நாலு வருஷத்தில் செய்த ஒரே நல்ல காரியம் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

மறுநாள் காலை பெட்டி வள்ளித்தாயின் விரலை ஏற்கவில்லை. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தினம் யாராவது ஒருத்தியின் விரலைப் பெட்டி ஏற்காது. பக்கத்தில் நின்ற செல்வராணி தன் விரலை இரண்டு தடவை வைத்து, ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு மற்றதை இவளிடம் நீட்டினாள். அதற்குக் கை மாத்திரை என்று பெயர். விரல் தேய்ந்தவளுக்கு விரல் உள்ளவள் எடுத்துத் தருவது பட்டையில் நிற்பவர்களின் தர்மம். ஜெபக்கனிக்கு இது தெரியாததல்ல. பலமுறை கண்டும் காணாமலும் இருந்திருக்கிறாள். அன்றைக்கு மட்டும் நினைவுக்கு வரவில்லை.

வள்ளித்தாய் முன்னைவிட அதிகமாகவே போட்டாள். இடுப்பு இப்போதெல்லாம் கடுமையாக வலித்தது. உள்ளே காவல் இருக்கிறது என்று நம்பினாள்.

பதின்மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு அவள் பட்டையின் மேல் குனிந்தாள். காப்பித்தூள் கரைத்தது போல முதலில் வந்தது. பிறகு சிவப்பாகவே வந்தது. பட்டை அதையும் ஏந்திக்கொண்டு நான்கு பேரைக் கடந்து போனது, அதற்குப் பிறகுதான் யாரோ நிறுத்தினார்கள். ஜெபக்கனி ஓடி வந்தபோது செல்வராணி அவளை மடியில் போட்டுக்கொண்டு, "உள்ளாள் இருக்கானே சிஸ்டரக்கா, எப்படி வந்துச்சு, எப்படி வந்துச்சு" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஜெபக்கனி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். தூத்துக்குடி போகும் வழியெல்லாம் ஆம்புலன்ஸில் வள்ளித்தாயின் நாடியைப் பிடித்துக்கொண்டு, இவளை மட்டும் விட்டு வையும் ஆண்டவரே என்று கேட்டுக்கொண்டே போனாள்.

ஆண்டவர் சொல்லுக்குச் சொல் அப்படியே கொடுத்தார். வள்ளித்தாய் பிழைத்தாள். ஆறு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அவ்வளவு ரத்தம் போன உடம்பில் பிள்ளை நிற்கவில்லை. பதினோரு வாரம் என்று டாக்டர் சொன்னபோதுதான் பிள்ளை ஒன்று இருந்தது என்பதே இசக்கித்துரைக்குத் தெரிந்தது.

மூன்று வாரம் கழித்து ஆலையில் விசாரணை வைத்தார்கள். மேஜையின் ஒரு பக்கம் கிரிதரன், அவருக்குப் பக்கத்தில் ஜெபக்கனி. எதிரே வள்ளித்தாயும் இசக்கித்துரையும். அவன் உப்பு லாரி ஓட்டுகிறவன், அதிகம் பேசாதவன். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

கிரிதரன் மெதுவாகத்தான் சொன்னார். "குளிகையில கோளாறு எதுவும் இல்லைங்க. ஆடி பன்னிரண்டாம் தேதி இவங்க ஆம்னு பெருவிரல் வச்சிருக்காங்க. அன்னைக்கே மருந்து நின்னுடுச்சு. அதுக்கப்புறம் வலி மாத்திரை போடக் கூடாது. பெட்டியும் தரலை. இவங்க வேற ஆள் மூலமா வாங்கிப் போட்டிருக்காங்க. அதனாலதான் புண்ணு."

இசக்கித்துரை மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அப்ப புள்ள இருக்குன்னு மிஷினுக்குச் சொல்லிருக்கா. எனக்குச் சொல்லல."

"நான் ஆமான்னு வைக்கவே இல்ல" என்றாள் வள்ளித்தாய். குரலில் சத்தமே இல்லை. "சத்தியமா வைக்கல. நான் எல்லா மாசமும் இல்லன்னுதான் வச்சேன்."

அவன் திரும்பினான். "எல்லா மாசமும்னா? மிந்தி ரெண்டு தடவையுமா?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் சொன்னதைத் திரும்ப அள்ள முடியாது.

"இல்லன்னு வச்சா மருந்து உள்ள போய்ப் புள்ளையக் கலைக்கும்னு அந்தத் திரையிலயே போட்டிருக்குல்லா. இப்பதான் வாசல்ல பாத்துட்டு வாரேன்."

"அவ்வளவு எழுத்த யாரு நின்னு படிக்கா? பொறத்த ஆளு நிக்குமே. மூணு மாசம் ஆவலையேன்னுதான்..."

"ரெண்டுல எது நெசம்? இல்லன்னு சொல்லிக் கொன்னியா, ஆமான்னு சொல்லிட்டு மாத்திரையத் தின்னு கொன்னியா?"

கிரிதரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வள்ளித்தாய் ஜெபக்கனியைப் பார்த்தாள். "சிஸ்டரக்கா, நீங்க சொல்லுங்க. நான் வச்சிருப்பனா? உங்களுக்கு என்னத் தெரியும்லா."

ஜெபக்கனியின் வாய் வரை வந்தது. சொன்னால் நர்ஸ் வேலை போகும், பதிவு ரத்தாகும், போலீஸ் வரும், சென்னையில் படிக்கும் மகனின் படிப்பு நிற்கும். இந்த அறையை விட்டுப் போய்விட்டால் புள்ளி விழுந்த மற்ற பத்துப் பேரை யார் பார்ப்பது என்றும் நினைத்தாள். கடைசியாக வந்த நினைப்பு கொஞ்சம் உயர்ந்ததாக இருந்ததால் அதையே பிடித்துக்கொண்டாள். உண்மையில் அது பயம்தான். வேறு ஒன்றும் இல்லை.

"பதிவு தப்பாதும்மா" என்றாள்.

இசக்கித்துரை எழுந்து, கிரிதரனைக் கும்பிட்டுவிட்டு, பெண்டாட்டியைப் பார்க்காமல் வெளியே போனான்.

வள்ளித்தாயும் போன பிறகு, கிரிதரன் கதவைச் சாத்தினார். "சாப்பிட்டீங்களா சிஸ்டர்?"

"இல்ல."

"அந்தப் பதிவு வாசல்லேர்ந்து வரலைங்க. உங்க டேப்லெட்லேர்ந்து வந்தது. மத்தியானம் ரெண்டு பத்துக்கு. எனக்கு முதல் நாளே தெரியும்."

ஜெபக்கனி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க. யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. எங்களுக்கும் இதான் வசதி. குளிகை ஓடின நாலு வருஷமும் ஒருத்திக்கும் புண்ணு இல்ல. நின்ன பதிமூணாம் நாள் ரத்த வாந்தி. இதைவிட நல்ல சாட்சி எங்களுக்கு எங்க கிடைக்கும்? இந்தக் கேஸைக் காட்டித்தான் இன்னும் நாலு ஆலைக்கு ஒப்பந்தம் பேசிட்டிருக்கோம்." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எனக்கு மட்டும் சந்தோஷமா சிஸ்டர்? எனக்கும் ரெண்டு பொண்ணுங்க. நீங்க நல்லதுதான் நினைச்சீங்க. ஒரு வார்த்தை அந்தப் பொண்ணுகிட்ட சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்."

"மீதிப் பத்துப் பேரு?"

"இன்னைக்குக் காலையில பாத்தேன். ஆறு பேருக்குத்தான் புள்ளி இன்னும் நிக்குது."

ஜெபக்கனி வெளியே வந்தபோது ஆலை வாசலில் வெயில் கொளுத்தியது. பஸ் நிற்கும் இடத்தில் வள்ளித்தாய் ஒரு துணிப்பையோடு தனியாக நின்றாள். இசக்கித்துரையின் லாரி போய்விட்டிருந்தது. பக்கத்தில் போகாமல் திரும்பிவிடலாம் என்றுதான் ஜெபக்கனி நினைத்தாள். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

"எங்க அண்ணன் வீட்டுக்குப் போவச் சொல்லிட்டாவ" என்றாள். "துணிமணிய அவியளே கொண்டாந்து தாரேன்னுட்டாவ."

"கொஞ்ச நாள்ல கோவம் ஆறிரும்ட்டி."

"ஆறாது." வள்ளித்தாய் அழவில்லை. அவளுடைய கை ஜெபக்கனியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. "உங்க மேல வருத்தம் இல்லக்கா. நீங்க என்ன பண்ணுவிய, மிஷின்ல இருக்கதத்தான சொல்ல முடியும்? ஆஸ்பத்திரிக்கு என்னத் தூக்கிட்டு ஓடுனது நீங்கதானாம்லா. செல்வராணி சொன்னா."

ஜெபக்கனி பஸ் வரும் பக்கம் பார்த்தாள்.

"மூணு வாரமா அதத்தான் ரோசிக்கேன். எப்ப வச்சேன், எப்படி வச்சேன்னு. நான் வைக்கலன்னு நல்லா ஞாவகம் இருந்துச்சு. இப்ப எல்லாரும் சொல்லச் சொல்ல..." அவள் நிறுத்தி, வெயிலில் கண்ணைச் சுருக்கினாள். "புள்ள ஆசையில நான்தான் ஏதோ ஒரு நேரம் ஆமான்னு வச்சிட்டு மறந்துட்டேன் போல. இல்லன்னா அதுல எப்படி வரும்? அப்படித்தான இருக்கும் சிஸ்டரக்கா?"

தூரத்தில் பஸ் வளைவு திரும்பியது. வள்ளித்தாய் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"அப்படித்தாம்ட்டி இருக்கும்" என்றாள் ஜெபக்கனி.

வள்ளித்தாய் தலையை ஆட்டினாள். பஸ் வந்து நின்றதும் ஏறி, இடம் இல்லாததால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.